நெடும் பயணத்துக்கு முன் ஒரு குறும் பயணம்

(இளநிலை இயற்பியல் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர்)

கல்லூரி விழாவில் அரைமணி நேரம் நடிக்கும் நாடகத்துக்கு மூன்று வாரம் ஒத்திகை பார்க்கிறோம். ஆனால், நான்கு நாள் சைக்கிளில் செல்ல வேண்டிய பயணத்துக்கு ஒத்திகை எதற்கு என்றுதான் நாங்கள் முதலில் நினைத்தோம். எங்கள் ஐவரில் சைக்கிள் ஓட்டத் தெரியாதவர் எவருமில்லை. ஐந்தாம் வகுப்பிலேயே குரங்குப் பெடல் போட்டுப் பழகியவர்கள். பொங்கல் விடுமுறையில் கும்பகோணத்திலிருந்து புறப்பட்டு, மன்னார்குடி, பட்டுக்கோட்டை வழியே கடற்கரைச் சாலையைப் பிடித்து, மீமிசல், தொண்டி, இராமநாதபுரம் கடந்து, பாம்பன் பாலமேறி, தனுஷ்கோடியின் அரிச்சல்முனையைத் தொட்டுவிடுவது என்பது திட்டம். ஏறத்தாழ 280 கிலோமீட்டர். நாளொன்றுக்கு 70 என்று வகுத்துவிட்டால் கணக்கு முடிந்தது! வரைபடத்தில் அது ஒரு சாண்கூட இல்லை.

இதை நம் உடற்கல்வி இயக்குநரிடம் பெருமையோடு சொன்னபோது அவர் வரைபடத்தைப் பார்க்கவே இல்லை. "முதலில் ஒரு சனி, ஞாயிறு எங்கேயாவது போய் ஓர் இரவு வெளியில் படுத்துவிட்டு வாருங்கள். அப்புறம் தனுஷ்கோடியைப் பற்றிப் பேசலாம்" என்றார். அவர் சொல்லுக்காகவே டிசம்பர் மாதக் கடைசிச் சனிக்கிழமை புறப்பட்டோம். அந்த இரண்டு நாள்களில் தெரிந்துகொண்டவற்றை, இத்தகைய பயணத்துக்கு ஆசைப்படும் மற்ற மாணவ நண்பர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன். எங்கள் பிழைகளை மறைக்கவில்லை; அவற்றில் பெரிய பிழை என்னுடையது.

சைக்கிளில் கூடாரம் கட்டிக்கொண்டு போகும் இக்கலைக்கு முன்னோடி ஒரு தையற்காரர் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். இலண்டன் நகரத்துத் தாமஸ் ஹைரம் ஹோல்டிங் என்பவர் 1897இல் நண்பர்களுடன் அயர்லாந்தின் கன்னமாராப் பகுதியில் சைக்கிளில் சுற்றி, இரவுகளைக் கூடாரத்தில் கழித்தார். மறு ஆண்டே அதைப் புத்தகமாக எழுதினார். 1901இல் சைக்கிள் கூடாரப் பயணிகளுக்கென்று ஒரு சங்கமே தோன்றியது. துணியின் எடையையும் தையலின் உறுதியையும் அறிந்த ஒருவர் இதைத் தொடங்கி வைத்ததில் பொருள் இருக்கிறது. சைக்கிள் பயணத்தில் எந்தப் பொருளைக் கேட்டாலும் முதல் கேள்வி, அதன் எடை என்ன என்பதுதான். நம் நாட்டிலும் 1923இல் பம்பாயிலிருந்து ஆறு இளைஞர்கள் உலகைச் சுற்றக் கிளம்பினார்கள். 1928இல் சுற்றி முடித்துத் திரும்பியவர்கள் மூவர். ஆறு எப்படி மூன்றாகும் என்பதை ஒரே இரவில் நாங்களும் ஓரளவு உணர்ந்தோம். அதைப் பின்னர் சொல்கிறேன்.

ஒத்திகைக்கு ஊரைத் தேர்வதில் ஒரு முறை உண்டு. அன்றே வீடு திரும்ப முடியாத தூரமாக இருக்க வேண்டும். ஏதாவது கெட்டுப்போனால் பேருந்தேறித் திரும்பிவிடும் தூரமாகவும் இருக்க வேண்டும். பெரும் பயணத்தில் எது கடினமோ அதன் சிறு மாதிரி அங்கே கிடைக்க வேண்டும். ஏற்காடு போகிறவனுக்கு மேடு வேண்டும். கடலோரம் போகும் எங்களுக்குக் கடற்காற்று வேண்டும். ஆகவே சனிக்கிழமை திருவிடைமருதூர், ஆடுதுறை, குத்தாலம், மயிலாடுதுறை வழியாகத் தரங்கம்பாடி, 65 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை பூம்புகார் சென்று, மீண்டும் மயிலாடுதுறை வழியாக வீடு, 80 கிலோமீட்டர்.

எங்கள் வண்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வணிகவியல் நண்பனுடையது கியர் வைத்த புது வண்டி. என்னுடையது அப்பா வைத்திருந்த 28 அங்குலக் கறுப்பு வண்டி. வரலாற்று நண்பனும் தாவரவியல் நண்பனும் அண்ணன்மாரிடம் இரவல் வாங்கி வந்தார்கள். தமிழிலக்கியம் படிக்கும் நண்பனுடையது பிளஸ் ஒன் படிக்கையில் அரசு தந்த விலையில்லா மிதிவண்டி. அதில்தான் அவன் நாள்தோறும் விடியற்காலை வீடுவீடாகப் பத்திரிகை போட்டுவிட்டுக் கல்லூரிக்கு வருகிறான். ஐவரில் அவனே மெதுவாகப் போகிறவன் என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தோம்.

புறப்படுமுன் பழைய பேப்பர் கடைத் தராசில் மூட்டைகளை நிறுத்தோம். என்னுடையது 14 கிலோ! கடைக்காரர், "தம்பி, இதையும் விற்கிறதா?" என்று கேட்டார். அதில் இருந்தவை: தலையணை ஒன்று, ஜீன்ஸ் கால்சட்டை இரண்டு, அலுமினியப் பானை, ஒரு கிலோ அரிசி, எல்லோருக்குமான தார்ப்பாய். பருவத் தேர்வுக்கென்று ஒரு பாடப் புத்தகமும். (அது இரண்டு நாளும் திறக்கப்படவில்லை என்பதைப் பேராசிரியப் பெருமக்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.) இந்த மூட்டையைக் கேரியர்மேல் கோபுரமாகக் கட்டினேன். ஆடுதுறை வருவதற்குள் ஹேண்டில்பார் குடிகாரனைப்போல் ஆடத் தொடங்கியது. எடை உயரத்தில் இருந்தால் வண்டி சற்றே சாயும்போதும் அது மேலும் சாய்க்கவே பார்க்கும். பின்சக்கரத்துக்குப் பின்னால் தள்ளியிருந்தால் முன்சக்கரம் தரையில் ஊன்றாது. நம் ஊர்ப் பால்காரர் எந்த இயற்பியலும் படிக்காமல் கேன்களை இருபுறமும் தாழ்வாகத் தொங்கவிடுவது இதனால்தான். குத்தாலத்தில் ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தி, தமிழ் நண்பன் தான் கொண்டுவந்திருந்த இரண்டு உரச்சாக்குகளின் வாய்களைக் கயிற்றால் பிணைத்து, கழுதைப்பொதிபோல் என் கேரியரின் இருபக்கமும் தொங்கவிட்டான். ஆட்டம் நின்றது. மழைக்கும் அந்தச் சாக்கு ஒழுகாது. ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் சைக்கிள் பைகளை அதற்குப் பிறகு நான் கடையில் ஏறிட்டும் பார்க்கவில்லை.

காலை வேளை இன்பமாகவே கழிந்தது. மார்கழிப் பனி, கோலம் போட்ட வாசல்கள், இருபுறமும் கதிர் வாங்கிய சம்பா வயல்கள். பத்தரை மணிக்கு மயிலாடுதுறை. "இதற்கா ஒத்திகை?" என்று வணிகவியல் நண்பன் சிரித்தான். அங்கே உண்டு, இளைப்பாறி, கதை பேசி, ஒன்றரை மணிக்குக் கிழக்கு நோக்கிக் கிளம்பியதும் சிரிப்பு அடங்கியது.

தஞ்சைத் தரணியில் மேடு இல்லையே என்பவர்கள் மார்கழிப் பிற்பகலில் கடலை நோக்கிச் சைக்கிள் மிதித்துப் பார்க்க வேண்டும். காற்றுக்குத் திசைதோறும் பெயர் வைத்தவர்கள் நம் முன்னோர். வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து கோடை, கிழக்கிலிருந்து கொண்டல். இந்தப் பருவத்தில் வாடையும் கொண்டலும் கலந்த வடகிழக்குக் காற்று நாளெல்லாம் வீசும். அதோடு, வெயில் ஏற ஏறக் கடலைவிட நிலம் விரைவில் சூடாகி, நிலத்தின்மேல் உள்ள காற்று மேலெழ, அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று உள்ளே புகும். இரண்டும் ஒன்றுசேரும் நேரத்தில்தான் நாங்கள் அதன் எதிரே போனோம்.

இதன் கணக்கு எளியது. காற்றின் எதிர்ப்பு, நம்மீது மோதும் காற்று வேகத்தின் இருபடிக்கு ஏற்ப உயரும். காற்றில்லாத சாலையில் மணிக்கு 15 கிலோமீட்டரில் போனால் நம்மீது மோதுவது 15 கிலோமீட்டர் வேகக் காற்று. எதிரே இன்னொரு 15 வீசினால் மோதுவது 30. வேகம் இருமடங்கு, எதிர்ப்பு நான்கு மடங்கு! என் வண்டியில் முன்பல் 44, பின்பல் 18. பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி சுமார் 5.4 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் மணிக்கு 19 கிலோமீட்டர் வரவேண்டும். அன்று பிற்பகல் எனக்கு வந்தது 9 அல்லது 10. கியர் இல்லாத வண்டியில் இந்தப் பளுவைக் குறைக்க வழியில்லை; முழங்கால்தான் ஏற்க வேண்டும்.

இதற்கு ஒரு மருந்து உண்டு. மாலையில் வரிசையாகப் பறக்கும் கொக்குகளைப்போல் ஒருவர் பின் ஒருவராக நெருங்கிச் செல்வது. முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்க, பின்னால் வருகிறவருக்கு மிதிப்பது கணிசமாகக் குறையும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முன்னவர் விலகிப் பின்னுக்கு வர, அடுத்தவர் முன்னே போக வேண்டும். எங்களுக்கும் இது தெரியும். புத்தகத்தில் படித்திருந்தோம். ஆனால் செம்பனார்கோயில் தாண்டியதும் வணிகவியல் நண்பன் தன் கியர் வண்டியின் வலிமையைக் காட்ட முன்னேறினான். அவனுக்குச் சளைக்கக் கூடாதென்று நான் விரட்டினேன். வரலாறும் தாவரவியலும் எங்கள் பின்னே. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

திருக்கடையூரில் டீக்கடையில் இறங்கியபோதுதான் நால்வராக இருப்பதைக் கண்டோம். மணி ஐந்தரை. வந்துவிடுவான் என்று ஒரு டீ குடித்தோம். இன்னொரு டீயும் குடித்தோம். பொழுது சாய்ந்துவிட்டது. கைபேசியில் அழைத்தேன். மணி என் சாக்குக்குள்ளிருந்தே ஒலித்தது! மின்னூட்டத்துக்காக மதியம் என்னிடம் கொடுத்திருந்தான். எங்கள் குழுவுக்கு இருந்த ஒரே காற்றடிக்கும் பம்பு, கியர் வண்டியில் அழகாக மாட்டப்பட்டிருந்தது.

நானும் வணிகவியல் நண்பனும் திரும்பி ஓட்டினோம். ஆக்கூரைத் தாண்டி, இருளில், விளக்கில்லாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தான். பின்டியூபில் சீமைக்கருவேல முள். ஒட்டுப்போட ரப்பர், சொல்யூஷன், உப்புத்தாள் எல்லாம் அவனிடம் இருந்தன. பத்திரிகை போடுகிறவன் அவையின்றி வெளியே கிளம்பமாட்டான். காற்றடிக்கத்தான் ஒன்றுமில்லை. ஒட்டிய டியூபோடு நான்கு கிலோமீட்டர் நடந்திருக்கிறான். ஒரு சொல் கடிந்து பேசவில்லை. பம்பை வாங்கிக் காற்றடித்து, வால்டியூபில் எச்சில் தடவிக் கசிகிறதா என்று பார்த்துவிட்டு, "போகலாம்" என்றான். அந்த ஒரு சொல்லுக்குப் பதிலாக அவன் நாலு திட்டுத் திட்டியிருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும்.

எட்டு மணிக்குத் தரங்கம்பாடியை அடைந்தோம். ஊருக்கு வெளியே ஒரு தோப்பில் காவலிருந்த பெரியவரிடம் அனுமதி கேட்டோம். முன்பின் தெரியாத ஊரில் கேட்காமல் எங்கும் படுக்கக் கூடாது. கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். எங்கே படுக்கக் கூடாதென்றும் சொல்லித் தருவார்கள். நாங்கள் தென்னையடியில் தார்ப்பாயை விரித்ததைப் பார்த்து, "தம்பிகளா, நெத்து விழுந்தா மண்டை தாங்காது. அந்தப் பக்கம் சவுக்குக்குள்ள போங்க. ஆனா அங்க அடுப்பு மூட்டிடாதீங்க, சருகு பத்திக்கும்" என்றார். ஆகவே அரிசியும் பானையும் வந்த வழியே திரும்பிப் போகும் பேறு பெற்றன. கடைத்தெருவில் பரோட்டா சாப்பிட்டோம். தமிழ்நாட்டுச் சாலையில் சைக்கிளில் செல்பவன் சமையல் பாத்திரம் சுமப்பது, என் கருத்தில், ஆற்றில் போகிறவன் குடம் தண்ணீர் சுமப்பதற்கு ஒப்பாகும். ஊருக்கு ஊர் டீக்கடை இருக்கிறது. தண்ணீரும் உப்பும் எலுமிச்சம்பழமும் போதும்.

தார்ப்பாயை இரு மரங்களுக்கிடையே கயிற்றில் தொங்கவிட்டு, கொசுவுக்கு அஞ்சி நான்கு பக்கமும் தரையோடு மண்போட்டு மூடினோம். நள்ளிரவில் முகத்தில் சொட்டுச் சொட்டாக நீர். மழை என்று வெளியே வந்து பார்த்தால் வானம் நிறைய நட்சத்திரம்! தெளிந்த இரவில் தார்ப்பாய் தன் வெப்பத்தை வானுக்கு இழந்து, சுற்றுக் காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. உள்ளே ஐந்து பேர் விடும் மூச்சின் ஈரம் போக வழியின்றி அதன் அடியில் படிந்து சொட்டுகிறது. இரு முனைகளையும் திறந்துவிட்டு, உள்ளே கொசுவலை கட்டுவதே சரி. இதை அன்றிரவு இரண்டு மணிக்குக் கண்டுபிடித்தோம். கொசுவலை இல்லாததையும் அப்போதே கண்டுபிடித்தோம்.

எல்லோரும் விழித்துக்கொண்ட அந்த நேரத்தில்தான் தமிழ் நண்பன் பேசினான். "பொங்கலுக்கு நான் வரலடா. பேப்பர் போட நாலு நாளைக்கு ஆள் வைக்கிறது பெரிசில்ல. ஆனா நாலு நாளும் பின்னால தனியா மிதிக்கணும்னா அதை நான் தினம் விடியற்காலையில செய்றேனே." வணிகவியல் நண்பன் கியரைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொண்டான். நான், கைபேசி என் பையில் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அதற்கல்ல நான் மன்னிப்புக் கேட்க வேண்டியது என்று எனக்கே தெரிந்தது. திரும்பிப் பார்க்காததற்கு. அதையும் பிறகு கேட்டேன். "சரி, தூங்கு" என்றான்.

காலையில் கடலோரம் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையைப் பார்த்தோம். 1620இல் வந்தவர்கள், 1845இல் ஆங்கிலேயருக்கு இவ்வூரை விற்றுவிட்டுப் போனார்கள். அவர்களுடைய கோபன்ஹேகன் நகரம் இன்று சைக்கிளுக்குப் பேர்பெற்றது. அங்கும் எதிர்காற்றுக்குக் குறைவில்லையாம். அப்படியானால் நமக்கென்ன என்று சற்றுத் தேற்றிக்கொண்டோம்.

அன்று புறப்படும்போது, தமிழ் நண்பனை முன்னால் போகச் சொன்னோம். அவன் தயங்கினான், பிறகு ஏறினான். மணிக்கு 14 கிலோமீட்டர். ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. ஒருமணி நேரத்துக்கு ஒருமுறை, களைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், பத்து நிமிடம் நிறுத்தினான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் டயரைக் கையால் தடவிப் பார்த்து, கேரியர் திருகுகளை நெருக்கச் செய்தான். அப்போதுதான் என் பின்சக்கரத்தில் இரண்டு கம்பிகள் அறுந்திருப்பது தெரிந்தது. பழைய கறுப்பு வண்டிகளில் முன்சக்கரத்துக்கு 32 கம்பியும் பின்சக்கரத்துக்கு 40 கம்பியும் வைத்தது பின்னால் ஏறும் பளுவைக் கருதித்தான். முதல்நாள் கோபுரமாக நான் ஏற்றிய சுமைக்கு அந்த நாற்பதும் போதவில்லை. அறுந்தவற்றைப் பக்கத்துக் கம்பியோடு சுற்றிவிட்டு, என் மூட்டையில் பாதியை மற்றவர்கள் பகிர்ந்துகொண்டார்கள்.

பூம்புகாரில் அதிகம் தங்கவில்லை. அங்கிருந்து மேற்கே திரும்பியதும் நேற்றைய எதிரி முதுகைத் தள்ளும் நண்பனானான். முதல்நாள் 65 கிலோமீட்டருக்குக் காலை ஆறரை முதல் இரவு எட்டு வரை ஆயிற்று. மறுநாள் 80 கிலோமீட்டரை மாலை நான்கரைக்குள் முடித்தோம். இதில் காற்றுக்குப் பெரும்பங்கு உண்டு, மறைப்பதற்கில்லை. ஆனால் வேகத்தை ஒரே அளவில் வைத்ததற்கும் பங்குண்டு. 15இலிருந்து 18க்கு வேகத்தைக் கூட்டினால், காற்றை வெல்ல ஒவ்வொரு நொடியும் செலவிடும் ஆற்றல் ஏறத்தாழ முக்கால் பங்கு கூடிவிடும். கிடைக்கும் வேகமோ ஐந்தில் ஒரு பங்கு. விரட்டிப் போய் டீக்கடையில் காத்திருப்பவன் அந்த ஆற்றலை வீணாக்குகிறான். தினமும் விடியலில் இருநூறு வீட்டுக்குப் பத்திரிகை போடுகிறவனுக்கு இந்தச் சூத்திரம் காலிலேயே இருக்கிறது.

திரும்பியபின் செய்தவை: என் மூட்டை 14 கிலோவிலிருந்து ஏழரைக்கு வந்தது. தலையணை, பானை, அரிசி, புத்தகம் போயின. ஜீன்ஸ் நனைந்தால் நாளெல்லாம் காயாது. அதற்குப் பதில் ஒரு லுங்கியும் ஒரு துண்டும். துண்டின் பெருமையை எழுதத் தனிக் கட்டுரை வேண்டும். கொசுவலையும் கோரைப்பாயும் புதிதாகச் சேர்ந்தன. பின்சக்கரக் கம்பிகளைப் புதிதாக மாற்றி, கோட்டம் எடுத்தேன். மாலை ஐந்து மணிக்குமேல் வண்டி ஓட்டுவதில்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டோம். எங்கள் பெரும்பயணம் தென்மேற்காகச் செல்வதால் இராமநாதபுரம் வரை காற்று முதுகுப்பக்கமே இருக்கும். அதற்கப்பால் சாலை கிழக்கே திரும்பும்போது இடப்பக்கத்து முன்பாக மோதும். அந்தப் பகுதியை மட்டும் விடியலில் கடக்கும்படி நாள்கணக்கை மாற்றினோம்.

ஆனால் நால்வருக்கா, ஐவருக்கா என்பது மட்டும் தெரியாமல் இருந்தது. கேட்க எனக்கு வாய் வரவில்லை. புதன்கிழமை மதியம் தமிழ் நண்பன் இயற்பியல் ஆய்வகத்து வாசலுக்கு வந்து, ஒரு பத்திரிகைச் சுற்றுத் தாளின் பின்புறம் எழுதியதைக் கொடுத்தான். முதல் வரி: பம்பு கடைசி வண்டியில். இரண்டாவது: அவரவர் கைபேசி அவரவரிடம். மூன்றாவது: முன்னால் போகிறவன் ஒவ்வொரு மைல்கல்லிலும் திரும்பிப் பார்க்க வேண்டும். அதன்கீழ் ஐந்து பேருடைய பெயர்களையும் முன்னே செல்லும் முறைப்படி வரிசையாக எழுதியிருந்தான். என் பெயர் கடைசியில், பம்புக்கு நேராக இருந்தது.